டிஎஃப்பா, டியூவா?

மார்த்தாண்டத்தில் மச்சினன் கொடுத்த, ரூட் செய்த (முழு அதிகாரமும் திறந்துவிட்ட) பழைய ஆண்ட்ராய்டு போன். 64 ஜிபி, ஒரு போட்டோ எடுக்கக்கூட இடமில்லை. கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினல் ஆப்பில் ரூட் அனுமதி வாங்கிக்கொண்டு, எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் ‘டிஎஃப் -எச்’ (df -h) கட்டளையை முதலில் அடித்தேன். கண் சிமிட்டும் நேரத்தில் பார்ட்டிஷன் (சேமிப்பிடத்தின் பிரிவு) வாரியாகக் கணக்கு வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு இருக்கும் சிஸ்டம் பகுதியை 100% என்று காட்டும், பதற வேண்டாம். அது படிக்க மட்டுமான பகுதி, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. பார்க்க வேண்டியது நம் ஆப்களும் ஃபைல்களும் இருக்கும் டேட்டா வரியை. அதில் 98%.

சரி, தின்றது யார்? டிஎஃப் சொல்லாது. அதற்கு ‘டியூ’ (du) என்ற கட்டளை வேண்டும். ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து கூட்டுவதால் மெதுவு. ஓடவிட்டுவிட்டு ஒரு சாயா குடித்து வந்தேன். ரூட் இல்லாத போனில் டேட்டாவுக்குள் எட்டிப் பார்க்கவே விடாது. குற்றவாளி மீடியா ஃபோல்டர்: 41 ஜிபி, பெரும்பாலும் கல்யாண வீடியோக்கள். ‘எஸ்டிகார்டு’ என்று தெரிவதும் இதே இடம்தான், இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள்.

பாதியை அழித்த பிறகும் டிஎஃப், டியூ இரண்டின் கணக்கும் ஒத்துவரவில்லை. அழித்த ஃபைலை ஏதாவது ஆப் திறந்தே வைத்திருந்தால் டியூ அதை எண்ணாது, டிஎஃப் எண்ணும். ரீஸ்டார்ட் செய்தேன், இடம் திரும்பி வந்தது.