ஐஸ் அறைக்கும் வாடைக்காற்றுக்கும் எந்தக் கையுறை?

மார்கழி, தையில் நாகப்பட்டினத்திலிருந்து விசைப்படகில் போகிறவர்களுக்கு இரண்டு வேலையில் கை விறைக்கும். விடியற்காலை வாடைக்காற்றில் நனைந்த வலையைத் தொடும்போது ஒன்று. மீனை ஐஸ் போட்டு அடுக்கும்போது இன்னொன்று. வாடையில் நம் பக்கம் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். உருகுகிற ஐஸ் 0 டிகிரி. அதனால் ஐஸ் வேலையை மனதில் வைத்துத்தான் கையுறை பார்க்க வேண்டும்.

பலரும் வாங்குவது உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசிய நைலான் பின்னல் கையுறை. விலை குறைவு, பிடிமானம் அருமை, நண்டு கழற்றவும் தோதானது. ஆனால் புறங்கை வெறும் பின்னல்தான். ஒரு கூடை மீன் அடுக்குவதற்குள் உள்ளே ஈரம் ஏறிவிடும். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த கையுறையோடு ஐஸில் நிற்பதும் வெறுங்கையோடு நிற்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நியோபிரீன் கையுறையைச் சிலர் ஆன்லைனில் வரவழைக்கிறார்கள். நுரை மாதிரியான ரப்பர் அது. உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகள்தான் சூட்டைக் காக்கின்றன. தையல் ஓட்டை வழியே தண்ணீர் கொஞ்சம் நுழையும், அதனால் வாங்கும்போது தையல் மேல் பசை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூம்புகார் கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இதையே சொல்வேன். 2 மில்லிமீட்டர் கனத்தில் தூண்டில் நரம்பில் முடிச்சும் போடலாம். படகு வேலைக்கு வேண்டாம், கெளுத்தி முள்ளுக்கும் வலை உரசலுக்கும் சீக்கிரம் கிழியும்.

ஐஸ் அறைக்கு முழங்கை வரை வரும் தடித்த பிவிசி கையுறைதான். தையலே கிடையாது, டீசல் பட்டாலும் சாதாரண ரப்பர் போல உப்பிப் போகாது. தனியாகப் போட்டால் குளிர் தாங்காது என்பதால் உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை வேண்டும். பருத்தி கூடாது, நானே இரண்டு சீசன் பருத்தியைப் போட்டுக்கொண்டு, வியர்வையில் நனைந்து, விரல் நுனி மரத்துப்போய் கஷ்டப்பட்டேன். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். உள்ளேயே பஞ்சு ஒட்டிய பிவிசியும் வருகிறது, ஆனால் ஈரமானால் அடுத்த நாள் வரை காயாது. கழற்றிக் காயப்போடக்கூடிய தனி உள்ளுறைதான் கடலில் நாலு நாள் கிடக்கிறவனுக்கு உதவும். இரண்டு ஜோடி உள்ளுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவில் தப்பு செய்துவிடாதீர்கள். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சீக்கிரம் விறைக்கும். உள்ளுறையைக் கடைக்கே கொண்டுபோய், இரண்டையும் சேர்த்துப் போட்டு விரலை மடக்கிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் இயந்திரத்தின் பக்கம் போகும்போது எந்தக் கையுறையாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். கயிற்றில் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். அந்த நேரத்துக்குக் குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை பிவிசி கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே முள் குத்தியிருக்கிறது.