கல்லுக்குக் கல் போதாதா? பீரங்கிக் குண்டுகளின் கணக்கு

பெங்களூரு சிட்டி மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போகிறவர்கள் பாதிப் பேர் பக்கத்தில் இருக்கிற பழைய கோட்டையைத் தாண்டித்தான் போகிறார்கள், உள்ளே போவதில்லை. இன்று மிச்சம் இருப்பது டெல்லி வாசலும் கொஞ்சம் சுவரும்தான். அந்தச் சுவரில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள்: 1791 மார்ச் 21 அன்று இந்த உடைப்பு வழியாகத்தான் பிரிட்டிஷ் படை உள்ளே நுழைந்தது என்று. அல்சூரில் இருக்கிற எங்கள் சித்தப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போனேன். அவர் திருவண்ணாமலைப் பக்கம், முப்பது வருடம் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தியவர். சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இம்மாங் கனமான கல்ல எதால உடைச்சாங்க?" என்று கேட்டார். இரும்புக் குண்டு என்றேன். "ஏன், கல்லுக்குக் கல் போதாதா?"

நியாயமான கேள்வி. முதலில் கற்குண்டு இருந்தது, அப்புறம் நாகரிகம் வளர்ந்ததும் இரும்புக் குண்டு வந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கல் பல விஷயங்களில் முந்தி நிற்கிறது.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் பெரிய கோட்டைகளை அடிக்கப் பயன்பட்ட 24 பவுண்டு இரும்புக் குண்டு கிட்டத்தட்ட 11 கிலோ. குறுக்களவு 14 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதாவது உரித்த பெரிய தேங்காயைவிட ஒரு சுற்றுப் பெரிது. அதே அளவில் கருங்கல்லில் உருண்டை செய்தால் 4 கிலோதான் வரும். இந்த வித்தியாசத்தில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது. குண்டு கனமாக இருந்தால் அது நகரத் தயங்குகிறது, பின்னால் எரிகிற வெடிமருந்தின் புகை வெளியேற வழியில்லாமல் குழலுக்குள்ளேயே நெருக்குகிறது, அந்த நெருக்கலைத் தாங்கக் குழலின் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். கல் லேசு, சட்டென்று கிளம்பிவிடும், அதனால் மருந்தும் குறைவாகப் போதும், குழலும் மெல்லியதாக இருக்கலாம். போர்த்துகீசியர்கள் நம் கடல்களில் ஓட்டிய கப்பல்களில் கல் எறியும் பீரங்கிகளை வெகுகாலம் வைத்திருந்ததற்கு இது ஒரு காரணம், கப்பலில் ஒவ்வொரு மணங்கு எடையும் கணக்கு. தவிர, கற்குண்டு மரப்பலகையில் மோதிச் சிதறும்போது ஒரு குண்டு பத்துத் துண்டாகப் பறக்கிறது, அந்தத் தளத்தில் நிற்பவர்களின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

வாய் அகலமாக அகலமாக, கல்லை விட்டால் வேறு வழியே கிடையாது. விஜயபுரத்தில், அதாவது பழைய பிஜாப்பூரில், மாலிக்-ஏ-மைதான் என்ற பீரங்கி இருக்கிறது, பெங்களூரிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் பார்த்துவிடலாம். 1549இல் அகமதுநகரில் வார்த்தது, 55 டன் எடை, யானையைக் கவ்வுகிற சிங்க முகம் வாயில் செதுக்கியிருக்கும். குழலின் உள்வாய் சுமார் 70 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு இரும்பில் குண்டு வார்த்தால் ஒன்றேகால் டன்னைத் தாண்டும், அதை வீசுகிற மருந்தை எந்தக் குழலும் தாங்காது. கருங்கல்லில் செய்தால் அரை டன்னுக்குள் அடங்கும். துருக்கியர்கள் 1464இல் வார்த்த டார்டனெல்ஸ் பீரங்கியும் இதே வகை, 63 சென்டிமீட்டர் கற்குண்டு போடுவது, 17 டன்னுக்குப் பக்கத்தில் எடை, இரண்டு பாகமாகத் திருகி மாட்டுகிற வெண்கலக் குழல். 1807இல் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் நுழைந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கரையிலிருந்து வந்த கற்குண்டுகளிடம் அடி வாங்கியிருக்கின்றன. இரும்புக் குண்டு வந்து முந்நூறு வருடம் கழித்து!

அப்படியானால் கல் எங்கே தோற்றது? முதலில் சுவரில். கல்மேல் கல் மோதும்போது பாதி வேகம் குண்டு தன்னையே உடைத்துக்கொள்வதில் போய்விடுகிறது. காற்றிலும் அப்படித்தான், அளவு ஒன்றாக இருந்தும் எடை குறைவாக இருப்பதால் தூரம் போகப் போக வேகம் சீக்கிரம் வடிந்துவிடும். இரும்பு முழுசாகப் போய் இறங்கும், ஒரே உயரத்தில் வரிசையாக அடித்துக் கோடு போட்டால் மேலே இருக்கிற சுவர் தன் பாரத்தாலேயே சரிந்து அகழியில் விழும், விழுந்த கல்குவியலே ஏறுவதற்குச் சரிவாகிவிடும். 1494இல் பிரான்ஸின் எட்டாம் சார்லஸ் இரும்புக் குண்டு போடும் வெண்கலப் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் இறங்கியபோது, உயரமான பழைய சுவர்களெல்லாம் அர்த்தமில்லாமல் போயின. அதற்குப் பதிலாகத்தான் குட்டையான, தடித்த, உள்ளே மண் நிரப்பிய சுவர்கள் வந்தன. மண் குண்டை விழுங்கிவிடும்.

இரண்டாவது காரணம் கூலி. நான் இதைத்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்து சித்தப்பாவிடம் கேட்டேன், இந்த அளவுக்கு ஒரு உருண்டை கொத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று. கையை விரித்து அளவு காட்டினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உருண்டையா இருந்தா மட்டும் போதும்னா அரை நாள். குழாய்ல எங்கியும் இடிக்காம ஓடணும்னா ஒரு நாள் முழுசும் போயிடும்ப்பா. கம்பிய வளையமா வளச்சு, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி விட்டுப் பாக்கணும். கடைசி உளி தப்புச்சுன்னா சில்லு பேந்துடும், அப்புறம் அது சின்னக் குழாய்க்குத்தான் ஆகும்." பழைய பீரங்கிக்காரர்களும் குண்டை வளையத்துக்குள் விட்டுத்தான் அளந்தார்கள். வளையத்தில் நுழையாத குண்டு குழலில் சிக்கும், ரொம்பச் சின்னதாக இருந்தால் சுற்றிலும் இருக்கிற இடுக்கு வழியாகப் புகை ஓடி வேகம் போய்விடும்.

நல்ல கைப்பழக்கம் உள்ள கல்தச்சர் ஒருவரின் ஒரு நாள் உழைப்பு, ஒரு தடவை வெடித்தால் தூள். வார்ப்பிரும்பில் அந்தக் கஷ்டம் இல்லை, இரண்டு பாதியாக அச்சு செய்து உலையிலிருந்து ஊற்றினால் ஒரே அளவில் வரிசையாகக் குண்டுகள் விழும். எதிரி சுட்ட குண்டைப் பொறுக்கித் திருப்பிச் சுடவும் முடியும். ஐரோப்பாவில் கல்தச்சர் கூலி ஏறிக்கொண்டே போனது, வார்ப்பு உலைகள் பெருகின, கல் விலகியது. நம் பக்கம் கருங்கல்லும் இருந்தது, கொத்துகிற கைகளும் இருந்தன, அதனால் கற்குண்டும் கூடுதல் காலம் இருந்தது. இதைப் பின்தங்கியதாகச் சொல்வது எனக்கு உறுத்துகிறது, கையில் இருந்ததைக் கணக்குப் பார்த்துச் செலவு செய்திருக்கிறார்கள்.

குழலிலும் இதே போட்டிதான், வெண்கலமா இரும்பா. வெண்கலம் துருப்பிடிக்காது, வெடிக்கும் முன் வீங்கிக் காட்டிக்கொடுக்கும், பழசானால் உருக்கித் திரும்ப வார்க்கலாம், ஆனால் செம்பும் தகரமும் விலை. வார்ப்பிரும்பு மலிவு, 1543இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் முழுக் குழலாகவே வார்த்துக் காட்டிவிட்டார்கள், ஆனால் வெடித்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவன் பிழைக்க மாட்டான். வெண்கலம் வார்ப்பதும் லேசில்லை. பாபர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்: 1526இல் ஆக்ராவில் அவருடைய பீரங்கி வார்ப்பாளர் உஸ்தாத் அலி குலி அச்சைச் சுற்றி எட்டு உலை மூட்டி உலோகத்தை ஓடவிட்டபோது, அச்சு நிறையும் முன்பே உலோகம் தீர்ந்துபோனதாம். மனுஷன் உருகிய வெண்கலத்திலேயே விழப்போயிருக்கிறார். ஓரிரு நாள் கழித்து அச்சைத் திறந்தால், குண்டு உட்காரும் பகுதி பழுதில்லாமல் வந்திருந்தது! அந்தப் பகுதியை பாபர் கல் அறை என்றே குறிப்பிடுகிறார்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, அது நம் தஞ்சாவூரில் கீழவாசல் பீரங்கி மேட்டில் கிடக்கிறது. ரகுநாத நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, சுமார் 22 டன், 25 அடிக்கு மேல் நீளம், வார்க்கவே இல்லை. நீள இரும்புப் பட்டைகளைக் குழல் மாதிரி சேர்த்து, மேலே பழுக்கக் காய்ச்சிய வளையங்களை நெருக்கமாக மாட்டி, ஆற ஆற அவை இறுகும்படி அடித்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா மாட்டுகிற அதே வித்தை. உலை பெரிதாக இல்லாத ஊரில் கொல்லர்களின் கையை நம்பிச் செய்த வேலை, நான் வெண்கலத்தைவிட இதற்குத்தான் அதிக மரியாதை கொடுப்பேன்.

கடைசியாக ஏவுகணை. ஹைதர், திப்பு காலத்து மைசூர்க்காரர்கள் காகிதக் குழாயை விட்டு இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்தார்கள், அதனால் உள்ளே நெருக்கல் கூடியது, தூரமும் கூடியது. 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. இதையும் பீரங்கியையும் ஒப்பிட்டு எது பெரிது என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. ஏவுகணையால் சுவரை உடைக்க முடியாது, குறியும் நிற்காது. குதிரையையும் மாட்டையும் மிரட்டும், ராத்திரியில் படையைக் கலைக்கும், ஒரு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

அந்தத் தோளின் அருமை பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸுக்குத் தெரிந்திருக்கும். மார்ச்சில் இந்த டெல்லி வாசல் பக்கம் சுவரை உடைத்து உள்ளே வந்தவர், மே மாதம் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் நின்றார். இழுத்து வந்த மாடுகள் தீனி இல்லாமலும் நோயாலும் செத்து விழுந்தன. கோட்டையை அடிக்கக் கொண்டுவந்த கனமான பீரங்கிகளை இழுக்க மாடில்லாமல், தன் கையாலேயே பாழாக்கிவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார்.