ரப்பர் கடி பொம்மை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நாய்க்குக் கடிக்கக் கொடுக்க ஆன்லைனில் ரப்பர் பொம்மை தேடுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. நாங்கள் வாங்கியது எலும்பு வடிவம், அடர் சிவப்பு. "100% இயற்கை ரப்பர், நச்சற்றது, குட்டிகளுக்கும் பாதுகாப்பானது" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. வந்த பார்சலில் தயாரித்தவர் பெயர் இல்லை, என்ன ரப்பர் என்ற விவரம் இல்லை, ஒரு பார்கோடு ஸ்டிக்கர் மட்டும். பிரித்ததுமே புது டயர் வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் அது போகவில்லை.

சில நாட்கள் எங்கள் நாய் மணி அதை விடாமல் மென்றான், ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று ஒரு மாலை முகத்தைத் தரையில் தேய்க்க ஆரம்பித்தான். மூக்கின் இரண்டு பக்கமும் வீங்கி, கண்கள் கோடு போலச் சுருங்கிவிட்டன. அடிவயிற்றில் முடியை விலக்கிப் பார்த்தால் தடிப்புத் தடிப்பாக இருந்தது. அப்புறம் வாந்தி. உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"ஒயர், பேட்டரி, செடி ஏதாவது கடிச்சானா?" என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. எல்லாவற்றிலும் வாய் வீங்கும், எச்சில் ஒழுகும், ஆனால் வைத்தியம் வேறு வேறு. பட்டன் பேட்டரி என்றால் அது ஒவ்வாமையே இல்லை, வாயும் உணவுக்குழாயும் வெந்துபோகிற விஷயம். வீட்டில் வாந்தி எடுக்க வைத்தால் இன்னும் மோசமாகும். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் பரவாயில்லையாம். நாய்களுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தால் மூச்சுத் திணறலுக்கு முன்பே வாந்தி, வயிற்றுப்போக்கு, மயக்கம் என்று காட்டலாம் என்றும் சொன்னார். ஊசி போட்டு, வீக்கம் திரும்பி வரக்கூடும் என்பதால் சில மணி நேரம் அங்கேயே வைத்திருந்தார். நல்லவேளை, தேறிவிட்டான்.

வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரையைக் கொடுக்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். மனிதர்களுக்கான சில மாத்திரைகளில் மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரினும் கலந்திருக்கும். நாய்க்கு அது ஆபத்து. கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இனி விற்பனையாளர் கதை. புகார் செய்ததும் வந்த பதில்: "பொருளில் பல் தடம் இருப்பதால் திரும்பப் பெற இயலாது." கடிப்பதற்கென்றே விற்கிற பொருளுக்கு இந்தப் பதில்! விடாமல் எழுதினால், பொம்மைதான் காரணம் என்றால் முதல் நாளே வந்திருக்க வேண்டும், உங்கள் நாயின் உடல்வாகுதான் பிரச்சினை என்றார்கள். இது சுத்தப் பொய். ஒவ்வாமை பெரும்பாலும் முதல் தடவையே வராது. உடல் அந்தப் பொருளுக்குப் பழகி, அதை எதிரியாக எடுத்துக்கொண்ட பிறகுதான் வரும். இயற்கை ரப்பர் என்றாலே பாதுகாப்பு என்பதும் சரியில்லை. ரப்பர் பாலில் உள்ள புரதமே சில உடம்புக்கு ஆகாது. அதை இறுக்கிக் கெட்டியாக்கச் சேர்க்கிற தையுரம் போன்ற ரசாயனங்களும் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை.

கடைசியாக, நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் தள்ளுபடி கூப்பன் தருவதாகப் பேரம் பேசினார்கள். மறுத்துவிட்டேன். கொஞ்ச நாளில் அந்தப் பக்கமே காணாமல் போனது. அதே படம், அதே சிவப்பு எலும்பு இப்போது வேறு பெயரில், விமர்சனம் எதுவும் இல்லாமல் புத்தம் புதிதாக விற்பனையில் இருக்கிறது.

குழந்தைகளின் பொம்மைகளுக்குப் பல நாடுகளில் கட்டாயத் தரச்சோதனை உண்டு. நாய்ப் பொம்மைக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை, யார் வேண்டுமானாலும் "நச்சற்றது" என்று அச்சடிக்கலாம். தயாரிப்பாளர் பெயரும் மூலப்பொருளும் போடாத பொம்மையை நான் இனி தொடமாட்டேன். உங்களுக்கும் இப்படி ஆனால் கடித்த துண்டை ஒரு கவரில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பார்சல் அட்டை, ஸ்டிக்கர், வீங்கிய முகத்தின் போட்டோ எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன் பிறகு புகார் கொடுங்கள். நான் எடுத்து வைத்திருந்ததால்தான் நுகர்வோர் புகாரோடு இணைக்க முடிந்தது.