சைக்கிள் பயிற்றுநர் ‘சர்வதேசச் சான்றிதழ்’: காசு கட்டுமுன் இதை வாசியுங்கள்

அதே விளம்பரம் திரும்பவும் வந்துவிட்டது. இம்முறை கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கைபேசி கைபேசியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ‘இரண்டே நாளில் சர்வதேச ஸ்பின்னிங் மாஸ்டர் பயிற்றுநர் ஆகுங்கள். அரச பதிவு பெற்றது. வெளிநாட்டு வேலைவாய்ப்பு. பெண்களுக்கு விசேட கழிவு.’ ஸ்பின்னிங் என்றால், நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள்களில் பாட்டுக்கேற்பக் குழுவாகச் செய்யும் உடற்பயிற்சி. படத்தில் நீல விளக்கு எரியும் கூடமும் வரிசையாகப் புதுச் சைக்கிள்களும். அந்தக் கூடம் எந்த நாட்டில் இருக்கிறதோ! மட்டக்களப்பில் எங்களுக்குக் கிடைத்தது கல்யாண மண்டபத்தின் பின்புறச் சாப்பாட்டு அறை. அதற்கு 45,000 ரூபாய் கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நான் கல்லடியில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். மட்டக்களப்பில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் ஜிம்கள் பெருகுகின்றன. அவற்றில் சில, நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள்களையும் வாங்கி வைத்திருக்கின்றன. குழுவாக ஓட வைத்துப் பாட்டுக்கேற்ப வகுப்பு நடத்தப் பெண் பயிற்றுநர்தான் இல்லை. பாசிக்குடா ஹோட்டல்களில் கேட்டாலும் முதல் கேள்வி சான்றிதழ் இருக்கிறதா என்பதுதான். இந்தத் தேவையை நன்றாக மோப்பம் பிடித்துத்தான் அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

வகுப்பில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தோம். வாழைச்சேனையிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் பஸ் ஏறி வந்த பிள்ளைகள் பலர். முன்னால் கனத்த சில்லு வைத்த, குழு வகுப்புக்கான சைக்கிள் இரண்டே இரண்டு. மற்றவை வீடுகளில் வாங்கிச் சில மாதங்களில் துணி காயப்போடப் பயன்படும் சாதாரண வகை. ஒருவர் ஓட, மற்றவர்கள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ‘பார்ப்பதும் பயிற்சிதான்’ என்றார் பயிற்சி தந்த சேர்.

முதல் நாள் பிற்பகலில் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தக் குழு வகுப்புச் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் சில்லும் பெடலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. வீதியில் ஓட்டும் சைக்கிளில் காலை நிறுத்தினால் பெடல் நின்றுவிடும். இதில் நிற்காது. சில்லு சுழலும்வரை பெடலும் காலை இழுத்துக்கொண்டு சுழலும். ஆகவே ஏறுகிறவருக்கு முதலில் காட்ட வேண்டியது நிறுத்தும் விதத்தைத்தான். ஹாண்டிலுக்குக் கீழே, சில்லின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு குமிழ் இருக்கும். பல வகைகளில் அதைக் கீழே அழுத்திப் பிடித்தால் சில்லு நின்றுவிடும். சேர் அதைச் சொல்லவில்லை. இறுக்கமே இல்லாமல் ‘வேகம், இன்னும் வேகம்’ என்று கத்திக்கொண்டிருந்தார். ஏறாவூரிலிருந்து வந்த ஒரு தங்கையின் கால் பட்டியிலிருந்து நழுவியது. சுழன்று வந்த பெடல் அவளுடைய கெண்டைக்காலின் பின்புறத்தில் அடித்தது. தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. சேர் ஓடிவந்து, சுற்றிக்கொண்டிருந்த சில்லைச் செருப்புக் காலால் மிதித்து நிறுத்தப் பார்த்தார்! குமிழை அழுத்தியது பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி. ஏதோ காணொளியில் பார்த்திருந்தாளாம். முதலுதவிப் பெட்டி கேட்டோம். மண்டபக் காவலாளியிடமிருந்து ஒரு பிளாஸ்டர் வந்தது.

இருக்கை உயரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றால் இருக்கை இடுப்பெலும்பு மட்டத்துக்கு வர வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். இதுகூடத் தெரியாமல் ஒருவர் வகுப்பெடுத்தால், வருகிற அக்காமாரின் முழங்கால்கள்தான் பதில் சொல்லும். அதற்குப் பதிலாக ஹாண்டிலை விட்டுவிட்டுக் கையை உயர்த்தி ஓடுவதும், ஓடிக்கொண்டே ஹாண்டிலில் தண்டால் எடுப்பதும் ‘விசேட அசைவுகள்’ என்று கற்பிக்கப்பட்டன. முறையான பயிற்சிகளில் செய்யக்கூடாதவை என்று விலக்கி வைப்பவை இவை. சமதரை ஓட்டத்துக்கு நிமிடத்துக்கு 80 முதல் 110 சுற்று, இறுக்கம் கூட்டிய மலையேற்றத்துக்கு 60 முதல் 80 என்று ஸ்பின்னிங் முறையில் எல்லை வைத்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொன்ன எல்லை, ‘மூச்சு வாங்கும்வரை’.

மிக மோசமானது தண்ணீர் விஷயம். மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில், மட்டக்களப்புப் புழுக்கத்தில், நடுவில் தண்ணீர் குடித்தால் ‘கொழுப்புக் கரையாது’ என்று தடுத்தார். புதிதாக வருகிறவர் முதல் வகுப்பிலேயே அளவுமீறி ஓடினால் தசை இழைகள் சிதைந்து, சிறுநீர் கடுந்தேயிலை நிறத்தில் போய், சிறுநீரகமே பாதிக்கப்படலாம். இப்படி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பயிற்றுநருக்கு இது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?

சான்றிதழ் கையில் தருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. ‘கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறது அக்கா’ என்றார்கள். பிறகு ‘லண்டனில் கையெழுத்துக்குப் போயிருக்கிறது அக்கா’ என்றார்கள். நான்கு மாதம் கழித்து வந்தது. தங்க எழுத்து, முத்திரை, ஸ்கேன் செய்யும் கட்டம் எல்லாம் இருந்தன. பாசிக்குடாவில் நேர்முகத்துக்குப் போனபோது முகாமையாளர் அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்தார். திறந்தது இவர்களுடைய முகநூல் பக்கம். அவர் நாகரிகமானவர், சிரிக்கவில்லை.

‘அரச பதிவு’ என்று அவர்கள் காட்டியது பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவு. பலசரக்குக் கடை போடவும் அதே பதிவுதான். தொழிற்பயிற்சி நடத்துகிற நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். அதில் இவர்கள் இல்லை.

‘ஸ்பின்னிங்’ என்பது அமெரிக்காவின் மேட் டோக் அத்லெட்டிக்ஸ் நிறுவனம் பதிவு செய்து வைத்திருக்கும் வணிகக் குறி. அந்தப் பெயரில் சான்றிதழ் தருகிறோம் என்றால் அந்த நிறுவனத்தோடு என்ன தொடர்பு என்று முதலில் கேளுங்கள். அவர்களிடம் மாஸ்டர் பயிற்றுநர் என்பவர் மற்றப் பயிற்றுநர்களையே உருவாக்குகிறவர். அந்தப் பட்டத்தைச் சாப்பாட்டு அறையில் எங்கள் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: உண்மையான ஆரம்பப் பயிற்சியும் ஓரிரு நாள்தான். ஆகவே இரண்டு நாள் என்பதால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம். அதற்குப் பிறகு என்ன என்று கேளுங்கள். ஸ்பின்னிங்கில் பரீட்சை உண்டு. லெஸ் மில்ஸ் நிறுவனத்தின் ஆர்பிஎம் என்னும் சைக்கிள் வகுப்புக்கு, நீங்கள் வகுப்பெடுக்கும் காணொளியை அனுப்பி, அவர்கள் பார்த்துத் தேற்றினால்தான் சான்றிதழ். எங்களுக்குப் பரீட்சையும் இல்லை, வகுப்பெடுத்துக் காட்டவும் சொல்லவில்லை. பெயரின் எழுத்து சரியா என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு அதுவும் பிழையாகத்தான் வந்தது.

காசைத் திருப்பிக் கேட்டேன். ‘சான்றிதழ் தந்துவிட்டோமே’ என்றார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போனபோதுதான் அந்த நான்கு மாத இழுத்தடிப்பின் பலன் புரிந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். லண்டனில் கையெழுத்து உலர்வதற்குள் எனக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. அண்மையில் காசு கட்டியவர்கள் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்பதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு உடனே போங்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

நான் இப்போது மத்தியஸ்த சபைக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் அழைப்புக்கு மற்றத் தரப்பு வரவில்லை. எங்களோடு படித்தவர்களில் சிலர், ‘பிரச்சினை வேண்டாம், சான்றிதழைச் சுவரில் மாட்டியாயிற்று’ என்கிறார்கள். அதைக் காட்டி வகுப்பும் எடுக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான்: அந்தக் குமிழை அழுத்தி நிறுத்துவதை, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் முதலில் காட்டிவிடுங்கள்.