இறைச்சி மட்டும் உண்பவரின் சமையலறையில் ஸ்லோ குக்கர்

அரிசி, பருப்பு, காய்கறி அனைத்தையும் விலக்கி இறைச்சியை மட்டுமே உண்ணும் கார்னிவோர் உணவுமுறையின் நன்மை தீமைகளை மருத்துவர்களிடம் விட்டுவிட்டு, குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரமான மூன்றரை லிட்டர் ஸ்லோ குக்கர் அதற்கு எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் இங்கு மதிப்பிடுகிறேன். ஆட்டின் முன்சப்பை, கால், மாட்டின் நெஞ்சுக்கறி போன்ற இறுகிய துண்டுகளே இதற்கு ஏற்றவை. அவற்றிலுள்ள கொலாஜன் என்ற இறுகிய புரதம், சுமார் 70 பாகை செல்சியஸுக்கு மேல் ஈரச்சூட்டில் பல மணி நேரம் இருக்கும்போது ஜெலட்டினாக மாறுவதால், குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் வைத்தால் கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றுவிடுகிறது. எஞ்சும் சாறும் குளிர்ந்ததும் கட்டியாக உறைகிறது. கொழுப்பில்லாத கோழி நெஞ்சுக்கறியோ நார்நாராக வறண்டுபோகிறது.

பெரிய குறை, கறி சிவக்காது என்பதே. வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டாததால் வறுவலின் மணம் எழுவதில்லை. உப்பைத் தவிர மசாலா எதுவும் சேராத இவ்வுணவில் அந்தக் குறையை மறைக்க வழியுமில்லை. ஆகவே, இரும்புச் சட்டியில் கறியை முதலில் சிவக்க வறுத்துக்கொள்வது அவசியம். உறைந்த கறியை அப்படியே போட்டால், கிருமிகள் பெருகும் வெப்பநிலையில் அது நெடுநேரம் தங்கிவிடும் என்பதால் முன்பே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்க வேண்டும். மின்வெட்டுள்ள ஊர்களில், மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும் திருகுக் குமிழ் வகையையே பரிந்துரைப்பேன். ஆனால் வெட்டு நீண்டிருந்தால் அந்தக் கறியை உண்ணக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு வேண்டுமென்போருக்குப் பிரஷர் குக்கரே போதும்.