கதை எழுதச் சொல்லித்தரும் புத்தகங்கள்: வருடக்கணக்கில் வைத்துப் பார்த்த பிறகு

புத்தகம் படித்தால் கதை எழுத வருமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: எழுத வராது, திருத்த வரும். இந்த வகைப் புத்தகங்கள் வாங்கிய மாதத்தில் எல்லாமே அற்புதமாகத் தெரியும். மஞ்சள் மார்க்கர், ஓரக்குறிப்பு எல்லாம் அமர்க்களமாக நடக்கும். அந்தச் சூட்டில் எழுதப்படும் மதிப்புரைகளை நான் நம்புவதில்லை. சில வருடம் போன பிறகு, ஒரு கதை பாதியில் படுத்துக்கொள்ளும்போது கை எந்தப் புத்தகத்தைத் தேடிப் போகிறது? அதை வைத்துத்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

எல்லோரும் முதலில் சிபாரிசு செய்வது ஸ்டீஃபன் கிங்கின் 'ஆன் ரைட்டிங்' (2000). அதில் நல்ல பங்கு சுயசரிதை, படிக்கச் சுகம். தொழில்நுட்பம் என்று தேடினால் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் இருப்பது உழைக்கிறது. பள்ளிப் பருவத்தில் அவருக்குத் திரும்பி வந்த கதையோடு ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதி அனுப்பிய சூத்திரம் இது: இரண்டாம் வரைவு என்பது முதல் வரைவில் 10 சதவீதம் கழித்தது. இதைவிட எனக்குப் பயன்பட்டது, முதல் வரைவைக் குறைந்தது 6 வாரம் டிராயரில் போட்டுவிடச் சொல்லும் யோசனை. அது முடிந்து எடுத்தால், வேறு யாரோ எழுதியதை வெட்டுவதுபோலக் கூசாமல் வெட்ட முடிகிறது.

அதிகம் பேசப்படாத ஒன்று டுவைட் ஸ்வைனின் 'டெக்னிக்ஸ் ஆஃப் த செல்லிங் ரைட்டர்' (1965). தலைப்பைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். காரணம் முன்னால் வர வேண்டும், விளைவு பின்னால். அந்த விளைவுக்குள்ளும் முதலில் உணர்வு, அப்புறம் செயல், கடைசியில் பேச்சு என்று வாக்கிய அளவுக்கு இறங்கி வந்து சொல்லித்தருகிறார். ஆங்கில வாக்கியத்தில் காரணத்தை வாலில் தொங்கவிடுவது எளிது, அதனால் அவருக்கு இதை வற்புறுத்த வேண்டியிருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வந்து உட்காருவதால் பாதி வேலை தானாகவே நடந்துவிடுகிறது.

நமக்கு உள்ள சிக்கல் வேறு. "புகை வாசனை வரவும் திடுக்கிட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து, படியிறங்கி ஓடினான்" என்று எச்சம் எச்சமாகக் கோத்துக்கொண்டே போய்விடுகிறோம். இலக்கணம் சரி. ஆனால் திடுக்கிட்டதும் செருப்பு மாட்டியதும் ஒரே எடையில் நிற்கின்றன. இப்போதெல்லாம் இப்படி உடைத்துப் பார்க்கிறேன்: "புகை வாசனை. திடுக்கிட்டு எழுந்தான். செருப்பு ஒன்றுதான் காலுக்கு அகப்பட்டது. அதையும் உதறிவிட்டுப் படியிறங்கி ஓடினான்." செருப்புக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஸ்வைன் இந்த உதாரணத்தைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அவரைப் படித்திராவிட்டால் எனக்கு முந்தைய வாக்கியம் உறுத்தியிருக்காது.

பிளேக் ஸ்னைடரின் 'சேவ் த கேட்' (2005) திரைக்கதைக்கானது, நாவல் எழுதுபவர்களும் கையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். 110 பக்கத் திரைக்கதையில் 12ஆம் பக்கம் ஒரு தூண்டுதல், 55இல் நடுப்புள்ளி, 75இல் எல்லாம் போச்சு என்கிற நிலை என்று 15 கட்டங்கள். ஆரம்பத்தில் பெரிய தைரியம் கொடுக்கும். நாளாக நாளாக, படிக்கும் கதை, பார்க்கும் படம் எல்லாவற்றிலும் கட்டங்கள் மட்டும் கண்ணில் படும். சிறுகதைக்கு இதைக் கொண்டுவருவது வீண். நான் கொடுத்துவிட்டேன்.

இ.எம்.ஃபார்ஸ்டரின் 'ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் த நாவல்' (1927) கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகள். ஒரே குணத்தில் அடங்கிவிடும் தட்டையான பாத்திரம், அப்படி அடங்காத முழுமையான பாத்திரம் என்கிற பிரிவு அங்கிருந்து வந்ததுதான். பாத்திரம் நம்பும்படியாக நம்மை வியக்க வைக்கிறதா என்பதே முழுமைக்கு அவர் வைக்கும் சோதனை. அந்த ஒரு சோதனைக்காக வைத்திருக்கலாம், மற்றபடி அடிக்கடி எடுப்பதில்லை.

அதிகம் தேய்ந்துபோனது உர்சுலா லெ குவினின் 'ஸ்டியரிங் த கிராஃப்ட்' (1998, திருத்திய பதிப்பு 2015). சின்னப் புத்தகம், அத்தியாயத்துக்கு அத்தியாயம் பயிற்சி. பெயரடை, வினையடை ஒன்றுகூட இல்லாமல் ஒரு விவரணையை எழுது என்பார். செய்து பாருங்கள், எரிச்சல் வரும். 'இருண்ட', 'குளிர்ந்த', 'மெதுவாக' எல்லாம் போய்விட்டால் அறையில் மிச்சம் இருப்பது என்ன? நாற்காலி, தாழ்ப்பாள், பாத்திரத்தின் கை. கை என்ன செய்கிறது என்று எழுதியே ஆக வேண்டியிருக்கும். கடைசிப் பயிற்சி, முன்பு எழுதியதில் ஒன்றை எடுத்துச் சரிபாதியாகக் குறைப்பது. கிங்கின் 10 சதவீதம் இதற்கு முன் சலுகை. பயிற்சியைச் செய்யாமல் வாசித்துவிட்டுப் போனால் இந்தப் புத்தகத்தில் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். அப்படிச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

'சொல்லாதே, காட்டு' என்று எல்லாப் புத்தகங்களும் ஓதுகின்றன. உணர்வு உடலில் எப்படித் தெரியும் என்பதற்குத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வைத்திருக்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. உரையோடு ஒருமுறை படித்துவைப்பது நல்லது.

ஆங்கிலப் புத்தகங்கள் கைவிடும் இடம் உரையாடல். கதைசொல்லியின் நடை எழுத்துத் தமிழாகவும் பாத்திரத்தின் பேச்சு பேச்சுத் தமிழாகவும் இருக்கும்போது, பாத்திரத்தின் மனவோட்டத்தை எதில் எழுதுவது? அவன் நினைப்பது எழுத்து நடையில் வந்தால் அவன் ஆசிரியராகிவிடுகிறான். முழுக்கப் பேச்சில் வந்தால் விவரணை தடுக்குகிறது. இரட்டை வழக்கில் எழுதுகிற நமக்கு இது பக்கத்துக்குப் பக்கம் வரும் பிரச்சினை. இதற்குப் பிடித்த சிறுகதைகளைப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு வழி அகப்படவில்லை.

பிரித்துப் பார்ப்பது எப்படி என்று கற்றுத்தருவது ஜார்ஜ் சாண்டர்ஸின் 'எ ஸ்விம் இன் எ பாண்ட் இன் த ரெய்ன்' (2021). செகாவ், துர்கனேவ், டால்ஸ்டாய், கோகோல் நால்வரின் 7 கதைகள் முழுசாக உள்ளே இருக்கின்றன. முதல் கதையை மட்டும் பக்கம் பக்கமாக நிறுத்தி, இதுவரை என்ன தெரியும், எதில் ஆர்வம் வந்திருக்கிறது, கதை எங்கே போகும் என்று நினைக்கிறாய் எனக் கேட்கிறார். இந்த மூன்று கேள்வியை நான் என் கதைக்குத் திருப்பிவிட்டேன். நண்பரிடம் முதல் பக்கத்தை மட்டும் கொடுத்துக் கேட்பேன். "நல்லா இருக்கு" என்று தப்பித்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. இரண்டாவது கேள்விக்கு அவர் யோசிக்க ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தை மறுபடி எழுத வேண்டும்.

ஒன்று மட்டும் வாங்குவதானால் லெ குவின். இரண்டு என்றால் சாண்டர்ஸும். முதல் கதையே இன்னும் எழுதாதவர்கள் இரண்டையும் தள்ளிப்போடலாம். ஒரு வரைவாவது கையில் இருந்தால்தான் இவற்றுக்குத் தீனி. லெ குவினை அச்சில் வாங்குங்கள், பயிற்சிகளுக்கு முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருக்கும். மற்றவை மின்னூலாக இருந்தாலும் போதும்.