தள்ளி இருக்கும் கட்டடத்துக்கு இணையம்: கேபிளா, வயர்லெஸ் பிரிட்ஜா?

வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் பட்டறைக்கோ தனி அறைக்கோ இணையம் கொண்டுபோக உருப்படியான வழிகள் இரண்டு. மண்ணுக்கடியில் கேபிள் போடலாம். அல்லது இரண்டு வெளிச்சுவர்களிலும் ஆன்டெனா மாட்டி வயர்லெஸ் பிரிட்ஜ் அமைக்கலாம். வீட்டுக்குள் ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) வைத்து ஒப்பேற்றுவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கேபிளை ஒருமுறை புதைத்துவிட்டால் மறந்துவிடலாம். மழையோ மரமோ பக்கத்து வீட்டு வைஃபையோ அதை ஒன்றும் செய்யாது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். ஆனால் அது செம்பு. அருகில் மின்னல் விழுந்தால் கம்பி வழியே பாயும் மின்னழுத்தம் இரு பக்கச் சாதனங்களையும் பொசுக்கிவிடலாம். அதனால் தோண்டுவது என்று முடிவானால் உலோகக் கவசம் இல்லாத ஃபைபரையே (கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்கள்; கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. குழாய்க்குள் விட்டு, கூடவே ஒரு கயிறும் போட்டு வையுங்கள். பின்னால் இன்னொரு கேபிள் இழுக்க வேண்டி வந்தால் மறுபடி தோண்ட வேண்டாம்.

பிரிட்ஜுக்கு மண்வெட்டியே வேண்டாம், அரை நாள் வேலைதான். ஒரு ஆன்டெனாவிலிருந்து பார்த்தால் மற்றது மறைவில்லாமல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நடுவில் மரம் இருந்தால் இந்த பிரிட்ஜுகள் பெரும்பாலும் பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தடுமாறும். நனைந்த இலை இன்னும் மோசம். இலை உதிர்ந்த காலத்தில் மாட்டிவிட்டு வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள், துளிர்த்த பிறகு தெரியும் சங்கதி.

பார்வைக்குத் தடை இல்லை, நடுவில் சிமென்ட் தளம் வேறு கிடக்கிறது என்றால் பிரிட்ஜ் போதும். வேறு வேலைக்காக எப்படியும் தோண்டப் போகிறீர்கள் என்றால் ஃபைபர்தான். எதுவானாலும் அந்தக் கட்டடத்துக்குள் தனி அக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை பரப்பும் பெட்டி, வேண்டும். வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்கும் வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும்.